சின்னப் பாடசாலைப் பிள்ளைக்குத் தனி வரிசை வேண்டுமா?

கேள்வி:



இலங்கைத்துறை முகத்துவாரப் பக்கத்தில் ஒரு சிறிய பாடசாலையில் சங்கீதம் படிப்பிக்கிறேன். என் நியமனம் வேறொரு பாடசாலைக்கு. இங்கே வாரத்தில் இரண்டு நாள் இணைப்பில் வந்து போகிறேன். ஆறாம் ஆண்டு முதல் பதினோராம் ஆண்டு வரை ஆண்டுக்கு ஒரு வகுப்புத்தான் உண்டு. தமிழ்மொழித் தினப் போட்டிக்குக் குழு இசை பழக்கும்போது, பாட வருமா வராதா என்று பார்க்க முடியாது. குரல் உடைகிற பையன்களையும் சேர்த்துத்தான் ஆள் நிரப்புவேன். கோட்டத்தைத் தாண்டினாலும் வலயத்தோடு நின்றுவிடும்.

இப்போது திருகோணமலை மாவட்டத்தின் ஐந்து கல்வி வலயங்களிலும் இருந்து பிள்ளைகளைச் சேர்த்து ஒரு கூட்டு இசைக்குழு அமைக்கலாம் என்று சங்கீத ஆசிரியர்கள் சிலர் கதைத்துக்கொண்டிருக்கிறோம். பாடுகிறவர்கள், வயலின், மிருதங்கம், பாண்ட் வாத்தியக்காரர் எல்லோரும் தனித்தனியே தெரிவுக்கு வர வேண்டும். தெரிவை எப்படி வைப்பது என்பதில்தான் இழுபறி. மாணவர் தொகையை வைத்துப் பெரிய, நடுத்தர, சிறிய பாடசாலை என மூன்று பிரிவாக்கி, ஒவ்வொன்றிலிருந்தும் சரிசமமாக எடுப்போம் என்கிறது ஒரு பக்கம். நன்றாகப் பாடுகிற பிள்ளை எங்கிருந்து வந்தாலும் நன்றாகப் பாடும், பிரிவு எதற்கு என்கிறது மறுபக்கம்.

எட்டாம் ஆண்டில் எனக்கு ஒரு பிள்ளை இருக்கிறாள். ஒருமுறை கேட்டால் போதும், அப்படியே பாடுவாள். பிரிவு வைத்தால் அவள் நிச்சயம் வருவாள். வைக்காவிட்டால் சந்தேகம். ஆனால் “சின்னப் பாடசாலைக் கோட்டாவில் வந்தவள்” என்று மற்றப் பிள்ளைகள் சொல்வார்களோ என்றும் பயமாக இருக்கிறது. எது நியாயம் ஐயா?

ஒரு சங்கீத ஆசிரியை, ஈச்சிலம்பற்றுக் கோட்டம்

பதில்:

அன்புள்ள ரீச்சர்,

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். மாணவர் தொகையை வைத்துப் பிரிக்க வேண்டாம். அதற்காக, எல்லோருக்கும் ஒரே தெரிவு வைத்தால் நியாயம் வந்துவிடும் என்கிறவர்களோடும் நான் இல்லை. இரண்டு பக்கத்தாரும் பாடசாலையைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது, அந்தப் பிள்ளைக்குச் சங்கீதம் படிக்க எவ்வளவு வழி கிடைத்தது என்பதை.

உங்கள் கடிதத்தில் இரண்டு வேறு விஷயங்கள் கலந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்துக்கொண்டால் பாதிச் சிக்கல் அவிழும். குழு இசைக்கு ஆள் நிரப்பப் படும் பாட்டை எழுதியிருக்கிறீர்கள். அங்கே பாடசாலையின் அளவு நேரடியாகவே முடிவைத் தீர்மானிக்கிறது. ஆயிரத்தைந்நூறு பிள்ளைகளில் இருந்து பத்துக் குரல் பொறுக்குகிறவருக்கும் நூற்றிருபது பிள்ளைகளில் இருந்து பத்துக் குரல் தேடுகிறவருக்கும் ஒரே மேடை என்றால், இரண்டாமவர் எவ்வளவு பழக்கினாலும் முதலாமவரின் பத்தாவது குரல் இவருடைய மூன்றாவது குரலைவிட நன்றாக இருக்கும். பாண்ட் வாத்தியக் குழுவில் இது இன்னும் மோசம். அணிவகுப்புக்கு முப்பது நாற்பது பிள்ளைகள் வேண்டும். சிறிய பாடசாலையில் உயர்ந்த வகுப்புகள் மூன்றையும் கூட்டினாலும் அத்தனை பேர் தேறமாட்டார்கள். ஆகவே பாடசாலைக் குழுவும் பாடசாலைக் குழுவும் மோதும் போட்டிகளில் அளவுப்படி பிரிவு கேட்டால், உங்கள் பக்கம் நின்று நானும் கையொப்பம் வைப்பேன். தமிழ்மொழித் தினப் போட்டிகளில் பிரிவு பிள்ளையின் வகுப்பைப் பார்த்தே வருகிறது. பாடசாலையின் பருமனை அது பார்ப்பதில்லை. குழு நிகழ்ச்சிகளிலாவது அதைப் பார்க்க வேண்டும் என்று சொல்ல நியாயம் இருக்கிறது. பாடசாலைக் கிரிக்கெட்டில் முதலாம், இரண்டாம், மூன்றாம் பிரிவு என்று இருக்கிறதே, அதுவும் அணிக்கும் அணிக்கும் உள்ள வித்தியாசத்தை ஒப்புக்கொண்டு செய்த ஏற்பாடுதான். அங்கே அளவுகோல் ஆட்டத்தின் தரம். பிள்ளைகளின் தொகை இல்லை.

கூட்டுக் குழுவுக்கான தெரிவு அப்படிப்பட்டதன்று. அங்கே பிள்ளை தனியாக வந்து நிற்கிறது. பக்கத்து வகுப்பில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதால் அதன் சுருதி கூடவோ குறையவோ போவதில்லை. பாடசாலை சிறியதாக இருப்பது தனிப் பிள்ளையைப் பாதிக்கிறது என்றால், வேறு ஏதோ ஒன்றின் வழியாகத்தான் பாதிக்க வேண்டும். அந்த வேறொன்று எதுவென்று கண்டுபிடித்து, அதை நேரே அளப்பதுதான் ஒழுங்கு.

எங்கள் நாட்டில் அது பெரும்பாலும் ஆசிரியர்தான். நீங்கள் இணைப்பில் வந்து போவதற்குக் காரணம் உங்களுக்குத் தெரியும். ஆசிரியர் ஆளணி, மாணவர் தொகையையும் பாடவேளைகளையும் வைத்துக் கணக்கிடப்படுகிறது. ஆண்டுக்கு ஒரு வகுப்பு, வகுப்புக்கு வாரத்தில் மூன்று பாடவேளை என்று வைத்தாலும் ஆறு வகுப்புக்குப் பதினெட்டுத்தான் வரும். ஒரு முழுநேரச் சங்கீத ஆசிரியருக்கு அது போதாது என்று கணக்குச் சொல்லும். அதோடு அழகியற் பாடத்தில் சங்கீதம், நடனம், சித்திரம், நாடகம் என்று பிள்ளை தெரிந்தெடுக்கலாம் என்று பாடத்திட்டம் சொல்கிறது. சிறிய பாடசாலையில் எந்த ஆசிரியர் இருக்கிறாரோ அதுவே எல்லோருடைய தெரிவாகிவிடும். சித்திர ஆசிரியர் இருந்தால் ஊரே சித்திரம் படிக்கும். அவர் இடமாற்றம் எடுத்துப் போனால் அதுவும் இல்லை. இதுவரையில், அளவுப்படி பிரிக்கச் சொல்கிறவர்களின் வாதம் சரியாகவே இருக்கிறது. சிறிய பாடசாலைக்குச் சங்கீத ஆசிரியர் கிடைப்பது அரிது.

ஆனால் இதைத் திருப்பிப் போட்டால் உண்மையாக இருக்காது. பெரிய பாடசாலை என்றால் சங்கீதம் இருக்கும் என்று எங்கள் மாவட்டத்தில் சொல்லவே முடியாது. மூதூரிலும் கிண்ணியாவிலும் பிள்ளைகள் நிரம்பி வழியும் பாடசாலைகள் இருக்கின்றன. அவற்றில் பல அழகியலுக்குச் சித்திரத்தையே வைத்திருக்கின்றன. அங்கே நல்ல குரலோடு ஒரு பிள்ளை இருந்தால், உங்கள் பிள்ளையைவிட அதற்குச் சங்கீதம் குறைவாகவே கிடைத்திருக்கும். உங்கள் பிள்ளைக்கு வாரத்தில் இரண்டு நாளாவது நீங்கள் இருக்கிறீர்கள். அளவுப்படி பிரித்தால் அந்தப் பிள்ளை பெரிய பாடசாலைப் பிரிவில் போய் நிற்கும். அதன் பக்கத்தில் யார் நிற்பார்? நகரத்துப் பெரிய கல்லூரியில், சங்கீத ஆசிரியர் இருவர் மூவர் உள்ள இடத்தில், பின்னேரத்தில் தனியார் வகுப்புக்கும் போய், வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைகளைத் தரம் தரமாகக் கடந்து வரும் பிள்ளை. இருவரையும் ஒரு பிரிவில் நிறுத்திவிட்டு, பிரிவு வைத்தோம், நியாயம் செய்தோம் என்று நிம்மதியடைய முடியுமா? சிறிய பாடசாலைகளிலும் இதே கதைதான். நகர ஓரத்தில், பஸ் ஏறினால் பத்து நிமிடத்தில் நல்ல சங்கீத வகுப்புக்குப் போகக்கூடிய தூரத்தில், நூறு பிள்ளைகள் மட்டும் படிக்கும் பாடசாலையும் சிறியதுதான். கட்டணம் வாங்கும் சர்வதேசப் பாடசாலை ஒன்றில் பிள்ளைகள் குறைவென்றால் அதுவும் சிறியதுதான். சிறிய பாடசாலைப் பிரிவின் இடங்களை இவர்கள்தான் முதலில் நிரப்புவார்கள். வெருகல், ஈச்சிலம்பற்றுப் பிள்ளைகளுக்கு மிஞ்சுவது மீண்டும் கடைசி வரிசை.

மீன் நிறுக்கும் தராசில் பொன்னை நிறுக்க முடியாது. மாணவர் தொகை என்பது கட்டடம், கதிரை, பாடநூல் ஒதுக்க உதவும் அளவை. பிள்ளையின் வாய்ப்பை அளக்க அது செய்யப்பட்டதில்லை.

இன்னொன்றையும் யோசியுங்கள். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை முடிந்ததும் என்ன நடக்கிறது? கிராமத்துப் பாடசாலையில் இருந்து கெட்டிக்காரப் பிள்ளைகள் நகரத்துப் பெரிய பாடசாலைக்குப் போகிறார்கள். மற்றவர்கள் இருந்த இடத்திலேயே படிக்கிறார்கள். ஆறாம் ஆண்டில் போன பிள்ளை, ஏழாம் ஆண்டில் தெரிவுக்கு வந்தால் பெரிய பாடசாலைப் பிள்ளை என்று எழுதப்படும். அதற்கு முந்தைய ஐந்து வருடமும் சுருதிப் பெட்டியையே காணாத பிள்ளையாக அது இருக்கலாம். பாடசாலைப் பெயர்ப் பலகை மாறியதோடு பிள்ளையின் பின்னணி மாறிவிடாது.

எங்களிடம் வேறோர் அளவை ஏற்கெனவே இருக்கிறது. புதிதாக எதையும் கண்டுபிடிக்கத் தேவையில்லை. கல்வித் திணைக்களம் பாடசாலைகளைக் கஷ்டப் பிரதேசம், அதிகஷ்டப் பிரதேசம் என்று வகுத்து வைத்திருக்கிறது. ஆசிரியர் இடமாற்றத்துக்கும் கொடுப்பனவுக்கும் அந்தப் பட்டியல் பயன்படுகிறது. போக்குவரத்து, வசதி, தொலைவு எல்லாம் அதில் கணக்குக்கு வருகின்றன. ஆசிரியர் அங்கே போய்ப் படிப்பிப்பது கடினம் என்று ஒப்புக்கொள்ளும் பட்டியல், பிள்ளை அங்கே இருந்து படிப்பதும் கடினம் என்று ஒப்புக்கொள்ளத்தானே வேண்டும்? பாடசாலையின் வகையைப் பார்ப்பதாலும் பயனில்லை. 1ஏபி, 1சி, வகை 2, வகை 3 என்பதெல்லாம் எந்த வகுப்பு வரை உண்டு, உயர்தரத்தில் விஞ்ஞானம் உண்டா என்பதைச் சொல்லும். சங்கீதத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. கஷ்டப் பிரதேசப் பட்டியலோடு, கடந்த மூன்று வருடத்தில் அந்தப் பாடசாலையில் நிரந்தரச் சங்கீத ஆசிரியர் இருந்தாரா என்ற ஒரே கேள்வியைச் சேர்த்தால் போதும். வலயக் கல்வி அலுவலகத்தில் அதற்கான பதில் இருக்கும். கள்ளம் செய்யவும் இடமில்லை.

கோட்டா என்ற சொல்லைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதைத் தாண்டிப் போக முடியாது. எங்கள் சமூகத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரு வலி உண்டு. 1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதிக்கு மொழிவாரியாகத் தரப்படுத்தல் வந்ததும், 1974இல் மாவட்டக் கோட்டா வந்ததும், ஒரு தலைமுறையின் வாழ்க்கையையே திசை திருப்பின. அதே நேரம் இன்றைய முறையில் திருகோணமலை எங்கே இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். இன்று பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படை, 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைப்படி, மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. அந்தப் பதினாறில் திருகோணமலையும் ஒன்று. வடக்குக் கிழக்கின் எட்டு மாவட்டங்களுமே அதில் அடங்கும். எங்கள் பிள்ளைகள் எத்தனையோ பேர் இந்த வழியால் மருத்துவராகவும் பொறியியலாளராகவும் வந்திருக்கிறார்கள். அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

ஆனால் அந்த முறை மாவட்டத்தின் எல்லையோடு கண்ணை மூடிக்கொள்கிறது. திருகோணமலை நகரத்தில் எல்லாப் பாடத்துக்கும் ஆசிரியரும் ரியூசனும் உள்ள பிள்ளையும், 2004 சுனாமியிலும் 2006 யுத்த இடப்பெயர்விலும் இரண்டு முறை எல்லாவற்றையும் இழந்து திரும்பி வந்த கரையோரக் குடும்பத்தின் பிள்ளையும் அதற்கு ஒரே மாவட்டத்தார். இடம் ஒதுக்கினால், அந்த ஒதுக்கீட்டுக்குள் மிக வசதியாக இருப்பவரே அதை எடுத்துக்கொள்வார். எந்த ஒதுக்கீட்டிலும் இதுதான் நடக்கும். உங்கள் ஆசிரியர் நண்பர்கள் பேசும் மூன்று பிரிவிலும் இதுவே நடக்கப்போகிறது. கோட்டா கெட்டது என்று நான் சொல்லவில்லை. எந்தக் கோட்டைப் போட்டுப் பிரிக்கிறோமோ, அந்தக் கோடு உண்மையான குறைபாட்டின் மேல் விழ வேண்டும்.

பாடசாலை அளவுப்படி பிரிப்பதை ஒழுங்காகச் செய்கிற இடமும் உலகத்தில் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் உயர்நிலைப் பாடசாலைகளை மாணவர் தொகைப்படி 1ஏ முதல் 6ஏ வரை ஆறு வகுப்பாக்கி, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றியமைக்கிறார்கள். விளையாட்டுக்கும் அதே வகுப்பு, வாத்தியக் குழுப் போட்டிக்கும் அதே வகுப்பு. மாநிலம் முழுவதிலும் இருந்து தனிப் பிள்ளைகளைத் தெரிந்து அமைக்கும் குழுவுக்கு, 1ஏ முதல் 4ஏ வரையான சிறிய பாடசாலைகளின் வாத்திய ஆசிரியர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் வைத்து, தனித் தெரிவு நடத்தி, தனிக் குழு அமைக்கிறார்கள். சிறிய பாடசாலைப் பிள்ளை விரும்பினால் பெரிய பாடசாலைகளுக்கான தெரிவில் போய் வாசிக்கலாம். நடுவர்கள் பிள்ளையைப் பார்ப்பதில்லை. திரைக்கு இந்தப்பக்கம் இருந்து கேட்டு மட்டும் புள்ளியிடுகிறார்கள்.

இதை அப்படியே இங்கே கொண்டுவர முடியாததற்கு இரண்டு காரணம் உண்டு. அங்கே சிறிய பாடசாலைக்கும் பெரும்பாலும் சொந்தமாக ஒரு வாத்திய ஆசிரியர் இருப்பார்; சிறியது என்றால் ஆள் குறைவு என்று அர்த்தம், ஆசிரியரே இல்லை என்று அர்த்தமில்லை. மற்றது, அங்கே சிறிய பாடசாலைப் பிள்ளைகள் தங்களுக்குள் ஒரு தனிக் குழுவாக வாசிக்கிறார்கள். நீங்கள் யோசிப்பதோ எல்லோரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து பாடும் ஒரே குழு. தெரிவில் மூன்று அளவுகோல் வைத்துவிட்டு ஒத்திகையில் ஒரே அளவுகோல் வைத்தால், அந்த இடைவெளியைப் பிள்ளைதான் தாங்க வேண்டிவரும். ஆனால் அவர்களிடம் இருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு, அந்தத் திரை. பெயர், பாடசாலை, சீருடை எதுவும் நடுவருக்குத் தெரியக்கூடாது. எண் மட்டும் போதும். பாட்டுக்கும் வயலினுக்கும் மிருதங்கத்துக்கும் இது இடைஞ்சலே இல்லை. ஒரு சேலையைக் குறுக்கே கட்டினாலும் காரியம் நடக்கும். தெரிவுக்குப் பிள்ளை அனுப்பும் பாடசாலையின் ஆசிரியர் நடுவராக இருக்கவும் கூடாது. மட்டக்களப்பில் கல்லடியில் விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது; விரிவுரையாளர்களை அங்கிருந்து கேட்டுப் பெறலாம்.

இவ்வளவு சொன்ன பிறகும், பிரிவைவிடப் பெரிய அநியாயம் ஒன்று மிச்சம் இருக்கிறது. தெரிவில் என்ன கேட்கிறோம் என்பது அது. இதைப் பற்றி ஆசிரியர் கூட்டங்களில் யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு நெடுநாள் மனக்குறை.

கூட்டுக் குழுவுக்கு ட்ரம்பெட் வேண்டும், கிளாரினெட் வேண்டும் என்று அறிவித்தீர்களானால், தெரிவு தொடங்குமுன்பே முடிந்துவிட்டது. எங்கள் கிராமத்துப் பாடசாலைகளின் பாண்ட் குழு என்றால் மெலோடிக்காவும் சைட் ட்ரம்மும் பேஸ் ட்ரம்மும்தான். பித்தளை வாத்தியம் உள்ள பாடசாலைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். மெலோடிக்கா வாசிக்கும் பிள்ளைக்கு இடமில்லை என்றால், பிரிவு மூன்று வைத்தால் என்ன, முப்பது வைத்தால் என்ன? அதே போல, வயலின் சொந்தமாக வைத்திருப்பவரும், பாடசாலையின் ஒரே வயலினை நாலு பேரோடு பகிர்ந்து, வாரத்தில் ஒருமுறை தொடுபவரும் ஒரே வர்ணத்தை வாசித்துக் காட்ட வேண்டும் என்றால், பழகிய நேரத்துக்குத்தான் புள்ளி போடுகிறோம். வெனிசுவேலாவில் 1975இல் ஹோசே அந்தோனியோ அப்ரேயு தொடங்கிய இசைத் திட்டம் உலகம் முழுவதும் பேசப்படுவதற்குக் காரணம், அது ஏழைக் குடியிருப்புகளுக்கு உள்ளேயே வாத்தியத்தையும் ஆசிரியரையும் கொண்டுபோனதுதான். எங்களால் அவ்வளவு செய்ய இயலாவிட்டாலும், தெரிவான பிள்ளைக்கு வாத்தியத்தை இரவல் கொடுக்கிற ஏற்பாட்டையாவது தெரிவு அறிவிக்கும் அன்றைக்கே அறிவிக்கலாம். அப்போதுதான் வாத்தியம் இல்லாத பிள்ளை விண்ணப்பிக்கும்.

பாட்டுத் தெரிவில் கீர்த்தனை ஒன்று பாடச் சொல்வது வழக்கம். பாடட்டும். ஆனால் அதற்கு முழுப் புள்ளியில் பாதிக்கு மேல் கொடுக்காதீர்கள். மிச்சத்தை, முன்கூட்டிப் பழக்க முடியாதவற்றுக்கு வையுங்கள். தம்புராவை ஓடவிட்டு, மாயாமாளவகௌளையில் ஐந்தாறு சுரங்களை நடுவர் பாடி, பிள்ளையைத் திருப்பிப் பாடச் சொல்லுங்கள். இரண்டாவது முறை கொஞ்சம் நீளமாக. பிறகு தம்புராவை நிறுத்திவிட்டு அதே சட்ஜத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறதா என்று கேளுங்கள். ஆதி தாளம் போட்டபடியே ஒரு சரளி வரிசையை முதலாம் காலத்திலும் இரண்டாம் காலத்திலும் பாட வையுங்கள். நல்ல காது உள்ள பிள்ளையை இது சில நிமிடத்தில் காட்டிக்கொடுக்கும். மூன்று மாதம் தனி வகுப்பில் ஒரே உருப்படியைத் திரும்பத் திரும்பப் பழகியதால் மட்டும் இதைக் கடக்க முடியாது. நடுவராக இருந்த மேடைகளில், அழகாகக் கீர்த்தனை பாடிய பிள்ளை திருப்பிப் பாடும்போது தடுமாறுவதையும், கீர்த்தனையில் சங்கதி தெரியாத பிள்ளை ஒரு சுரம் பிசகாமல் திருப்பிப் பாடுவதையும் பல தடவை கேட்டிருக்கிறேன். கூட்டுக் குழுவுக்கு எனக்கு வேண்டியது இரண்டாவது பிள்ளை. சங்கதியை ஒத்திகையில் கற்றுக்கொடுக்கலாம். காதைக் கொடுக்க முடியாது.

வெருகல் சித்திரவேலாயுதர் கோயில் திருவிழாக் காலத்தில் மேளமும் நாதஸ்வரமும் கேட்டு, கூத்துக்கு மத்தளம் அடிக்கிறவர்களின் பக்கத்தில் குந்தியிருந்து வளர்ந்த பையன்கள் உங்கள் பக்கத்தில் இருப்பார்கள். சொற்கட்டு அவர்களுக்கு வாயிலேயே இருக்கும். மிருதங்கப் பாடத்தின் முதல் பாடத்தைப் படித்திருக்க மாட்டார்கள். தாள வாத்தியத் தெரிவில், நடுவர் தட்டுவதைத் திருப்பித் தட்டிக் காட்டும் ஒரு சோதனை வைத்தால் அவர்களும் உள்ளே வரலாம். மத்தளம் கொண்டுவந்து வாசித்தால் மறுக்கக்கூடாது என்று தெரிவு அறிவித்தலில் எழுதியே வையுங்கள். எழுதாவிட்டால், பிறகு யாராவது ஒருவர் இது பாடத்திட்டத்தில் இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார்.

தெரிவு நடக்கும் இடமும் தெரிவின் ஒரு பகுதிதான். எல்லாவற்றையும் திருகோணமலை நகரத்தில் காலை எட்டு மணிக்கு வைத்தால், இலங்கைத்துறைப் பிள்ளை விடியுமுன் எழும்பி, ஈச்சிலம்பற்று, மூதூர், கிண்ணியா என்று பஸ்ஸில் குலுங்கி வந்து, வெறும் வயிற்றோடு பாட வேண்டும். கிண்ணியாவுக்குப் பாலம் வந்தது 2009இல். அதற்கு முன்பு படகுப் பாதையில் ஏறிக் கடந்த காலத்தை உங்கள் தாய் தகப்பனிடம் கேட்டால் சொல்வார்கள். பாலம் கட்டி முடியாததால், 2021 நவம்பரில் குறிஞ்சாக்கேணியில் படகுப் பாதை கவிழ்ந்து, பாடசாலைக்குப் போன பிள்ளைகளைப் பறிகொடுத்த மாவட்டம் இது. இங்கே தூரத்தைச் சின்ன விஷயம் என்று யாரும் சொல்லக்கூடாது. நடுவர் மூன்று பேர் ஒரு வாகனத்தில் மூதூருக்கும் கந்தளாய்க்கும் திருகோணமலை வடக்குக்கும் போய்வருவது, நூறு பிள்ளைகள் நகரத்துக்கு வருவதைவிட எளிது, செலவும் குறைவு. பாட வேண்டிய உருப்படியையும் ஒரு தவணைக்கு முன்பே, ஒலிப்பதிவோடு எல்லாப் பாடசாலைகளுக்கும் ஒரே நாளில் அனுப்ப வேண்டும். இன்று வாட்ஸப் இல்லாத அதிபர் இல்லை. இரண்டு கிழமைக்கு முன் கடிதம் வந்து சேரும் பாடசாலைக்கும், நடுவரோடு தினமும் தேநீர் குடிக்கும் ஆசிரியர் உள்ள பாடசாலைக்கும் இடையே வேறு எந்தப் பிரிவும் சமநிலை கொண்டுவராது.

இப்போது உங்கள் பிள்ளையின் விஷயத்துக்கு வருகிறேன். குழுவுக்கு நாற்பது பேர் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எல்லோரும் திரைக்குப் பின்னால் ஒரே சோதனைக்கு வரட்டும். கூட்டுக் குழுவில் நின்று பிடிக்க எவ்வளவு தேவை என்று நடுவர்கள் முதலே ஒரு புள்ளியைத் தீர்மானிக்கட்டும். அதற்குக் கீழே யாரையும் எடுக்க வேண்டாம், எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். அந்தப் புள்ளிக்கு மேலே வந்தவர்களில் முப்பது பேரைப் புள்ளி வரிசைப்படி எடுங்கள். மிச்சப் பத்து இடத்தை, அதே புள்ளியைக் கடந்தவர்களில் கஷ்ட, அதிகஷ்டப் பாடசாலைப் பிள்ளைகளுக்கும், நிரந்தரச் சங்கீத ஆசிரியர் இல்லாத பாடசாலைப் பிள்ளைகளுக்கும், கடந்த இரண்டு வருடத்துக்குள் அப்படிப்பட்ட பாடசாலையில் இருந்து மாறி வந்தவர்களுக்கும் கொடுங்கள். அந்தப் பத்துக்குத் தகுதியானவர் ஏழு பேர்தான் என்றால் மூன்று இடம் பொது வரிசைக்குத் திரும்பட்டும். முப்பதும் பத்தும் என் யோசனை. உங்கள் கூட்டத்தில் அதை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் இறுதிப் பட்டியல் ஒன்றாகவே, பெயரின் அகர வரிசைப்படி வர வேண்டும். யார் எந்த வழியால் வந்தார் என்பது தெரிவுக் குழுவின் கோப்பில் இருக்கட்டும். கேட்கும் பெற்றோருக்குத் தங்கள் பிள்ளையின் புள்ளியை மட்டும் காட்டலாம்.

இப்படிச் செய்தால் “கோட்டாவில் வந்தவள்” என்று உங்கள் பிள்ளையைச் சொல்ல யாருக்கும் வழியில்லை. அவளும் மற்றவர்கள் கடந்த அதே கோட்டைக் கடந்தவள். அந்தப் பேச்சுக்குப் பயந்து ஒதுக்கீட்டையே விட்டுவிடச் சொல்கிறவர்களும் இருப்பார்கள். அதை ஏற்காதீர்கள். பிள்ளைகள் ஒத்திகையில் பத்து நாள் ஒன்றாகப் பாடினால், பக்கத்தில் நிற்பவள் சுருதியோடு நிற்கிறாளா என்பதைத்தான் கவனிப்பார்கள். பேச்சுப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் பெரியவர்கள். அவர்களுக்காகப் பிள்ளையின் இடத்தை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

பொது வரிசையிலேயே அவள் வந்துவிடக்கூடும் என்பதையும் மறக்க வேண்டாம். ஒருமுறை கேட்டதை அப்படியே பாடுவாள் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் மேலே சொன்ன சோதனை அப்படிப்பட்ட பிள்ளைக்குத்தான் பொருந்தும். அதற்கு அவளை இப்போதே ஆயத்தம் செய்யுங்கள். தொலைபேசியில் தம்புராச் செயலி ஒன்றை இறக்கி, அவளுக்கு எந்தக் கட்டைச் சுருதி சுகமாக இருக்கிறது என்று பாருங்கள். எட்டாம் ஆண்டுப் பெண்பிள்ளைக்குப் பெரும்பாலும் ஐந்து, ஐந்தரைக் கட்டை சரிவரும். தெரிவு மண்டபத்தில் யாரோ வைத்த ஆர்மோனியத்தின் சுருதிக்குப் பாடச் சொன்னால், “எனக்கு ஐந்தரைக் கட்டை வையுங்கோ” என்று கேட்கப் பழக்குங்கள். கேட்பது அவளுடைய உரிமை, நடுவர் கோபிக்கமாட்டார். நீங்கள் வராத மூன்று நாளிலும், வகுப்பில் வேறொரு பிள்ளை ஒரு வரி பாட, இவள் திருப்பிப் பாடட்டும். பிறகு இவள் பாட, அந்தப் பிள்ளை திருப்பட்டும். அடுத்த வருடம் அந்தப் பிள்ளையையும் தெரிவுக்கு அனுப்பலாம்.